கிருமிக்கண் கண்ட பச்சை

ராஜபாளையத்தில் பிரேம்குமார் டாக்டரின் மருத்துவமனையில் அந்தப் பெட்டியைத் திறந்துவைக்கப் பந்தல் போட்டிருந்தார்கள். பெட்டி என்னவோ டிபன் கேரியர் அளவுதான். பந்தல் கல்யாணத்துக்குப் போடுகிற அளவு. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். ஒளியை அளக்கிற கருவியின் மூடியில் எந்த இடத்தில் சந்தனம் வைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. 'கிருமிக்கண்' என்ற அதன் பெயர் மைக்கில் வரும்போதெல்லாம் முன்வரிசை கை தட்டியது.

பெட்டியைச் செய்தவன் கௌதம்ராஜ். அதே ஊர்க்காரன். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு, நண்பன் ஒருவனோடு சென்னையில் கம்பெனி தொடங்கி, முதல் பெட்டி சொந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்தான். மேடையில் அவன் ஒரு பிளாஸ்டிக் சில்லைத் தூக்கிக் காட்டினான். பிஸ்கட்டைவிடச் சிறியது. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு சின்னக் குழியில் போய் முடிகிறது. குழிக்கு ஒரு ஆன்டிபயாடிக் மருந்து, கூடவே ஒரு சாயம். நோயாளியின் சிறுநீரை ஒரு சொட்டு விட்டால் அது தானே ஓடிப்போய் எல்லாக் குழிகளையும் நிரப்பும். மருந்துக்குச் சாகாமல் கிருமி பெருகினால் சாயம் பச்சையாக ஒளிரும். கிருமி செத்தால் குழி இருட்டாகவே இருக்கும். உள்ளே ஒரு நீல விளக்கும் கேமராவும் இருந்து பச்சையை அளக்கும். காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று தெரிந்துவிடும்.

அவன் சொன்னவரை சரியாகத்தான் சொன்னான். பிறகு பிரேம்குமார் டாக்டர் மைக்கை வாங்கினார்.

"தட்டுல கிருமியை வளத்து, அது எப்ப வளரும்னு காத்துக் கெடந்து, மூணாம் நாள் ரிப்போர்ட் குடுக்குற காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

தெரிந்தவர்கள் சிலர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அங்கே காஞ்சனா உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிருமிப் பரிசோதனைக்கென்று லேப் வைத்திருக்கிற டாக்டர் அவள். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இரண்டு ஊருக்கும் நடுவே எந்த டாக்டர் என்ன மருந்தைத் தேவையில்லாமல் எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அவள் நாக்கு சும்மா வைத்துக்கொள்வதும் இல்லை. அதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு. கேசரியை முடித்துவிட்டுக் காகிதத் தட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு ராஜபாளையம் வட்டாரத்துக் கிருமிகளுக்கெல்லாம் திடீரென்று வீரம் வந்துவிட்டது. செட்டியார்பட்டிக் கிருமி எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. சோழபுரத்துக் கிருமி அதைவிட முரடு. நீர்க்கடுப்பு என்று வந்தவர்களை எல்லாம் வார்டில் படுக்கவைத்து, வேறு வழியே இல்லாதபோது போட வேண்டிய ஊசிகளைப் போட்டார்கள். வார்டு நிறைந்தது. பிரேம்குமார் டாக்டர் உள்ளூர் கேபிள் டிவியில் வந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிக் கவலையோடு பேசினார். கவலை அவருக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. முகத்தில் ஒரு தெளிவே வந்திருந்தது.

சந்தேகப்பட்ட சிலர் மட்டும் இன்னொரு சிறுநீர்ப் பாட்டிலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கொண்டுவந்தார்கள். காஞ்சனா தட்டில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் சாதாரணக் கிருமிகள். மலிவான மாத்திரைக்கே செத்தன. சிலருக்குக் கிருமியே இல்லை. பெட்டி கொடுத்த ரிப்போர்ட்டுகளை அவள் லேப் பிரிட்ஜின் கதவில் ஒட்டவைத்தாள். டீ நேரத்தில் அவளும் டெக்னீஷியன் ஸ்ரீஜாவும் அதைப் படித்துச் சிரிப்பது வழக்கமாயிற்று.

"இன்னைக்கு யாரு ஸ்ரீஜா?"

"வன்னியம்பட்டி வாத்தியார் மேடம். ஒரு மருந்துகூடக் கேக்கலையாம்."

"நம்ம தட்டுல?"

"எல்லா மருந்துமே கேக்குது."

"பாவம், நம்ம தட்டுக்கு வீரம் தெரியல. ஒட்டு."

ஒரு தடவை அவள் பிரேம்குமாருக்குப் போன் செய்தாள். "உங்க லேப் படுத்துருமோன்னு ஒரு பயம் இருக்கத்தான் செய்யும் மேடம், எனக்குப் புரியுது" என்று அவர் அன்பாகச் சொன்னார். அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை. மடையர்களோடு பேசி நேரத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள்.

சுடலையம்மாளின் பாட்டில் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

சுடலையம்மாள் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் வேலை பார்ப்பவள். நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் என்று பிரேம்குமார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் மாரிச்செல்வி விவரமானவள். ஒரு பாட்டிலை அங்கே கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். காஞ்சனாவின் ரிப்போர்ட் தயாராவதற்குள் பெட்டி தன் தீர்ப்பைச் சொல்லி, ஊசியும் தொடங்கியிருந்தது.

ரிப்போர்ட் வாங்க வந்த மாரிச்செல்வி இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தாள். "இது எல்லாத்துக்கும் அடங்காதுங்குது. நீங்க மாத்திரையே போதும்ங்கிய. எதை நம்பட்டும் டாக்டரம்மா?"

"என்னுதை நம்பு. உங்க டாக்டரை எனக்குப் போன் பண்ணச் சொல்லு."

அவர் போன் பண்ணவில்லை. இவளும் பண்ணவில்லை. பெட்டியின் தாள் பிரிட்ஜில் ஏறியது.

சில வாரம் கழித்து மாரிச்செல்வி அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். சுடலையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிருமி இன்னும் உள்ள இருக்கான்னு பாக்கணும்" என்றாள் மாரிச்செல்வி. "வீட்டுல அவியளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்னு வச்சுட்டாவ. பிள்ளைகளைக் கிட்டயே விடுறதில்ல."

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கடுப்பு விட்டுருச்சு. காதுதான் கேக்கல. இடது காது சுத்தமா போச்சு. வலதுலயும் பாதிதான்."

சுடலையம்மாள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்: "தறிச் சத்தம்தான் காதுக்குள்ள நிக்குதுன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை தறி ஓடாது. அன்னைக்கும் சத்தம் நிக்கல. பொறவுதான் தெரிஞ்சது."

காஞ்சனா ஊசியின் பெயரைக் கேட்டாள். மாரிச்செல்வி சொன்னாள். காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று படிக்கிற காலத்திலேயே எல்லா டாக்டர்களும் மனப்பாடம் செய்கிற மருந்து. சுடலையம்மாளுக்கு அது தேவையே இல்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் காஞ்சனா. எழுதிவிட்டு டீ குடித்தவளும் அவள்தான்.

"வீட்டுல எல்லாரும் குடிக்கிற டம்ளர்லயே இவங்களும் குடிக்கலாம். உங்க அம்மாவுக்கு வந்தது ஊர்ல பாதிப் பொம்பளைகளுக்கு வர்ற கிருமி" என்றாள். "அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்க?"

மாரிச்செல்வி பையிலிருந்து அட்டைகளை எடுத்துப் போட்டாள். காய்ச்சல் மாத்திரை. கூடவே மருந்துக் கடையில் கொடுத்த சத்து கேப்சூல். ஜலதோஷத்துக்குப் போனாலும் சரி, முழங்கால் வலிக்குப் போனாலும் சரி, இந்த ஜில்லாவில் அந்த கேப்சூல் இல்லாமல் யாரும் கடையைவிட்டு இறங்கியதில்லை. சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகும். உடம்புச் சூடு என்பார்கள். உண்மையில் அது பி வைட்டமின்.

காஞ்சனா அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். பிறகு ஒரு கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி, அறையை இருட்டாக்கி, தோல் பூஞ்சைகளைப் பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கை அடித்தாள். தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. ஸ்ரீஜா "ஐயோ மேடம்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர்கள் சங்கக் கூட்டம் அந்த மாதம் ராஜபாளையத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. கிருமிக்கண்ணின் நேரடிச் செய்முறை என்று அழைப்பில் போட்டிருந்தது. காலையில் யார் வேண்டுமானாலும் மாதிரி கொண்டுவரலாம். மதியச் சாப்பாடு முடிவதற்குள் பெட்டி முடிவு சொல்லும். காஞ்சனா ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கௌதம்ராஜ் மரியாதையாக வாங்கி, சில்லில் ஒரு சொட்டு விட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினான்.

சாப்பாடு முடிந்து பீடா மென்றுகொண்டிருந்தபோது திரையில் முடிவு வந்தது. எல்லாக் குழிகளும் பச்சை. எந்த மருந்தும் கேட்காது.

பிரேம்குமார் டாக்டர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "பாத்துக்கோங்க. இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். இந்தப் பேஷண்ட் யாரோ, இன்னைக்கே அட்மிட் ஆகணும். தட்டுல வளத்துட்டு இருந்தா மூணு நாள்ல ஆளே இருக்க மாட்டாங்க."

"அட்மிட் ஆகத் தயார்தான் டாக்டர்" என்றாள் காஞ்சனா. "போறதுக்கு முன்னாடி செத்த நேரம் உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கலாமா?"

ஹாலில் யாருக்கும் புரியவில்லை.

"பாட்டில் என்னுது. எனக்கு ஒரு கடுப்பும் கிடையாது. மூணு நாள் முன்னாடியே என் சிறுநீரைத் தட்டுலயும் போட்டுப் பாத்தாச்சு, ஒரு கிருமிகூட வளரல. காலையில ஒரு சத்து கேப்சூல் போட்டேன், அம்புட்டுதான்."

அவள் மேடைக்குப் போய் விளக்குகளை அணைக்கச் சொன்னாள். தன் பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து, மேசையில் இருந்த குடிதண்ணீரில் உதிர்த்து, ஊதா விளக்கை அடித்தாள். தம்ளர் பச்சையாக எரிந்தது.

"இந்தத் தம்ளருக்கு என்ன ஊசி போடலாம், டாக்டர்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் முந்தின நாள் வரை தங்கள் நோயாளிகளை அந்தப் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்தான். பிரேம்குமார் டாக்டர் "ஏதோ சின்ன டெக்னிக்கல் பிராப்ளம்" என்று சொல்லிவிட்டு, அவசரமாக ஒரு போன் வந்தவரைப் போல வெளியே போனார். கௌதம்ராஜ் மட்டும் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் லேபுக்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது.

"கேமராவுக்குப் பச்சை எங்க இருந்து வந்தாலும் பச்சைதான் மேடம்" என்றான். "சாயத்தோட பச்சையும் வைட்டமினோட பச்சையும் ஒண்ணுபோல விழுது. நான் அதை யோசிக்கல."

"நீ எதுல சோதிச்ச?"

"காலேஜ் பசங்ககிட்ட சிறுநீர் வாங்கி, நாங்களே கிருமியைக் கலந்து சோதிச்சோம். ஆயிரக்கணக்குல செஞ்சோம்."

"அதுல உடம்பு சரியில்லாத ஒரு ஆளாவது உண்டா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"நோயாளிக்குன்னு ஒரு மிஷின் செஞ்சு, நோயாளியை மட்டும் விட்டுட்டு ஊரையே சோதிச்சிருக்க. நல்ல படிப்பு." பிறகு அவள் சுடலையம்மாளைப் பற்றிச் சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள்.

அவன் தண்ணீர் கேட்டான். ஸ்ரீஜா பிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தபோது, கதவில் ஒட்டியிருந்த தாள்களை அவன் பார்த்தான். எழுந்துபோய் ஒவ்வொன்றாகப் படித்தான். எல்லாம் அவன் பெட்டி கொடுத்தவை. அடிக்கோடு, ஆச்சரியக்குறி, ஒரு தாளில் மீசை வைத்த கிருமியின் படம்கூட இருந்தது.

"பெட்டி தப்புன்னு உங்களுக்கு எப்ப மேடம் தெரியும்?"

"மொத மாசமே."

"எனக்கு ஒரு போன் போட்டிருந்தா போதுமே."

"பிரேம்குமாருக்குப் போட்டேன்."

"அவரு பெட்டியை வாங்குனவரு. செஞ்சவன் நான். தாள்ல கீழேயே என் நம்பர் இருக்கு பாருங்க." அவன் குரலை உயர்த்தவில்லை. "நான் முட்டாள்தான், ஒத்துக்கிறேன். ஆனா நீங்க இதை வச்சுச் சிரிச்சுட்டு இருந்திருக்கீங்க."

அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகு காஞ்சனா தாள்களை எல்லாம் கிழித்தாள். கிழித்ததை ஸ்ரீஜா பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் அவன் புதுச் சில்லுகளோடு திரும்பி வந்தான். இந்தத் தடவை ஒரு குழியில் சாயம் வைக்காமல் விட்டிருந்தான். அதில் தெரிகிற பச்சை நோயாளி சாப்பிட்டதால் வந்த பச்சை; அதை மற்றக் குழிகளிலிருந்து கழித்துவிடலாம். சொட்டு விட்டதும் ஒரு படம், கடைசியில் ஒரு படம் என்று இரண்டு எடுக்கவைத்தான். இடையில் பச்சை கூடியிருந்தால்தான் கிருமி பெருகுகிறது என்று அர்த்தம்.

"இது அம்புட்டு பெரிய மூளை வேலையா என்ன? தொடக்கத்துலயே செஞ்சிருக்கலாமே" என்றாள் காஞ்சனா.

"செஞ்சிருக்கலாம்" என்றான்.

அவள் தட்டும் அவன் பெட்டியும் ஒரே மேசையில் மாதக்கணக்கில் வேலை செய்தன. ஒரே பாட்டிலிலிருந்து இரண்டுக்கும் கொடுத்தார்கள். கேப்சூல் சாப்பிட்டவர்கள், மஞ்சள்காமாலைக்காரர்கள், ரத்தம் கலந்து போகிறவர்கள் என்று வம்பான பாட்டில்களையே தேடித்தேடி அவள் கொடுத்தாள். பெட்டி தவறிய இடத்திலெல்லாம் அவனைத் திட்டினாள். அவன் எழுந்துபோய்த் திருத்திக்கொண்டு வந்தான். ஆடித் தேர் ஓடுவதற்குள் பெட்டியின் மதிய முடிவும் தட்டின் மூன்றாம் நாள் முடிவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதை அவள் வாயால் சொல்லவில்லை. "பரவால்ல" என்றாள். ஸ்ரீஜா அதைக் கேட்டு அசந்துபோனாள்.

கௌதம்ராஜ் திருத்திய பெட்டியை பிரேம்குமார் மருத்துவமனையில் வைத்தான். கூட்டத்தில் நடந்ததைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியில் திருத்தம் செய்தாகிவிட்டது என்று கேபிள் டிவியில் மட்டும் சொல்லிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் அவனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்தார்.

"தம்பி, உங்க புதுப் பெட்டி சரியில்லையே."

"என்ன சார் தப்பா சொல்லுது?"

"எல்லாருக்கும் மாத்திரையே போதும்ங்குது. மாத்திரை எழுதிக் குடுத்தா அவன் வீட்டுக்குப் போயிருதான். வார்டுல பாதிக் கட்டில் சும்மா கெடக்கு. முன்னாடி நல்லாத்தான வேலை செஞ்சது?"

"முன்னாடி தப்பு சார். தப்புன்னு எல்லார் முன்னாடியும் காட்டுனாங்களே. ஒரு அம்மாவுக்குக் காதே போயிருக்கு."

"ஊசின்னா ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும். கடுப்பு விட்டுச்சா இல்லையா? நீங்க ஒண்ணு செய்யுங்க. பழைய புரோகிராமையே போட்டுருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

கௌதம்ராஜ் காபியைக் குடிக்கவில்லை. நேராக லேபுக்குள் போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்க வாசல் வழியாக வெளியே வந்தான். ஆட்டோ கிடைக்கவில்லை. பெட்டியோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான். சென்னையில் இருந்த கூட்டாளி அன்றே போனில் கத்திவிட்டு, அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து விலகிக்கொண்டான்.

மாரிச்செல்வி புகார் எழுதிக் கொடுத்தாள். காஞ்சனா தன் ரிப்போர்ட்டை இணைத்தாள். கௌதம்ராஜ் தன் பெட்டி தவறாகச் சொன்னது என்றும், திருத்திய பிறகு அதைப் பழையபடி மாற்றச் சொன்னார்கள் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் பிரேம்குமார் டாக்டரிடம் மரியாதையாகப் பேசினார்கள். பெட்டியை நம்பி ஏமாந்த அப்பாவி தான் என்று அவர் சொன்னார். கேட்டவர்களுக்கே அவர்மேல் இரக்கம் வந்திருக்கும். எச்சரிக்கை என்று ஒரு தாள் அனுப்பினார்கள். மருத்துவமனையில் இப்போது வேறொரு கம்பெனியின் பெட்டி இருக்கிறது. அது இன்னும் பெரியது. அதற்கும் பந்தல் போட்டார்கள்.

கிருமிக்கண் வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனைக்காக வைக்கப்பட்டிருக்கிறது. பந்தலும் மாலையும் இல்லாமல் மேசை ஓரத்தில் இருக்கிறது. நீர்க்கடுப்பென்று காலையில் வருகிறவர்கள் மதியத்துக்குள் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் காஞ்சனா போய், அதைப் பிடிக்காதவள்போலச் சோதித்துவிட்டு வருவாள்.

விசாரணை முடிந்த பிறகு கௌதம்ராஜ் செட்டியார்பட்டிக்குப் போனான். அதுவரை சுடலையம்மாளை அவன் நேரில் பார்த்ததில்லை. காஞ்சனாவும் கூட வந்தாள். தான் வருவதற்கு அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள், அதை அவன் கேட்கவில்லை. உள்ளே வராமல் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தறியில் நூல் அறுகிற சத்தம் இனிமேல் தெரியாது என்பதால், சுடலையம்மாளை அங்கே இருந்து மாற்றி, துணி மடிக்கிற இடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பேண்டேஜ் துணி அவளைச் சுற்றி வெள்ளையாகக் குவிந்து கிடந்தது.

கௌதம்ராஜ் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சுவர் ஓரமாக இருந்த இடத்தில்தான் உட்கார முடிந்தது. தன் பெயரைச் சொன்னான். பெட்டியைச் செய்தவன் தான்தான் என்று சொன்னான். என்ன தப்பு நடந்தது, அதை எப்படிக் கவனிக்காமல் விட்டான், அவளுக்குத் தேவையில்லாத ஊசி ஏன் போடப்பட்டது என்று எல்லாவற்றையும் சொன்னான். சுடலையம்மாள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், என்னை மன்னிச்சிருங்கம்மா என்று சொல்லி நிறுத்தினான்.

அவள் கையில் இருந்த துணியை மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள். தற்செயலாகத் திரும்பி, அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தாள்.

"ஏதும் சொல்லிக்கிட்டு இருந்தியா தம்பி?" என்றாள். "அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து உக்காந்து, மொதல்ல இருந்து சொல்லு."